அரைத்த இறைச்சியும் அச்சிட்ட பெயரும்: உணவுச் சீட்டில் நேர்மை வளர்ந்த வரலாறு



தஞ்சோங் காராங்கிற்குத் தொலைவில் இல்லாத பத்தாங் பெர்ஜுந்தை வட்டாரத்தில் தென்னமரம் என்றொரு தோட்டம் உண்டு. அப்பெயரைக் கேட்கும் தமிழர் எவரும் அங்கே தென்னைகள் நிற்கும் என்றே எண்ணுவர். ஆனால் அத்தோட்டம் மலேசிய வரலாற்றில் இடம்பெற்றது தென்னையால் அன்று, செம்பனையால். 1917ஆம் ஆண்டில் ஆன்றி ஃபொகோனியே என்னும் பிரெஞ்சுக்காரர் இந்நாட்டின் முதல் வாணிகச் செம்பனைத் தோட்டத்தை அங்கேதான் உருவாக்கினார். பெயர் ஒன்று, பயிர் வேறு. எனினும் இம்முரணால் எவருக்கும் தீங்கில்லை. தோட்டத்திற்குள் கால் வைத்தவுடன் கண் உண்மையைச் சொல்லிவிடும்.

கண் உண்மையைச் சொல்ல இயலாத இடத்தில் பெயர் பொய்த்தால் என்ன நேரும்? அதுவே இன்றைய உரையின் பொருள். நம் வட்டாரத்து மளிகைக் கடை எதிலும் இன்று ஓர் உறைபெட்டி இருக்கிறது. அதனுள் பர்கர், சாசேஜ், இறைச்சி உருண்டை எனப் பலவகைப் பொட்டலங்கள் அடுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றுள் அரைத்த மாட்டிறைச்சியால் ஆனவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு, அவற்றின் மேல் ஒட்டிய பெயர்ச்சீட்டு எவ்வாறு வந்தது, அதில் என்ன எழுத வேண்டும் என்று யார் வகுத்தார்கள், அது எப்போதெல்லாம் பொய்த்தது என்பதை வரலாற்று நோக்கில் காண்போம். மாட்டிறைச்சி உண்போர் நம்மிடையே உண்டு. அதைத் தொடாதவரும் உண்டு. நேர்மையான சீட்டு இருசாராருக்கும் ஒரே அளவில் தேவையானது.

கண் தோற்கும் இடம்

சந்தையில் தொங்கும் தொடையைப் பார்த்து வாங்குபவர் பலவற்றை அறிகிறார். எலும்பின் பருமனால் விலங்கு இன்னதென ஊகிக்கிறார். நிறத்தாலும் மணத்தாலும் புதியதா பழையதா என்று தெளிகிறார். கொழுப்பு எவ்வளவு என்பதைக் கண்ணாலேயே அளக்கிறார். அதே இறைச்சி அரைபட்டுவிட்டால் இவையனைத்தும் மறைந்துவிடுகின்றன. எந்த விலங்கு, அதன் எந்தப் பகுதி, எத்தனை விலங்குகளின் இறைச்சி, அதனோடு கலந்த மாவு எவ்வளவு, நீர் எவ்வளவு என்னும் வினாக்களுக்குக் கண்ணிடம் விடையில்லை.

அரைத்தலால் நேரும் மாற்றம் தோற்றத்தோடு நிற்பதில்லை. முழுத் துண்டில் நோய்க்கிருமிகள் பெரும்பாலும் மேற்பரப்பில் தங்கும். நெருப்பில் வாட்டும்போது அழிந்துவிடும். அரைக்கும்போதோ மேற்பரப்பு உள்ளே போகிறது, கிருமியும் உடன்போகிறது. மேலும், ஒரே பொட்டலத்தில் பல விலங்குகளின் இறைச்சி கலப்பதால், நோயுற்ற ஒன்றன் தீங்கு பலருடைய தட்டுக்குப் பரவுகிறது. 1993ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் நன்கு வேகாத பர்கர்களை உண்ட எழுநூற்றுக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். நான்கு குழந்தைகள் இறந்தனர். ஈ. கோலை ஓ157 என்னும் நுண்ணுயிரியே காரணம் எனத் தெரிந்தது. அடுத்த ஆண்டே அந்நாட்டு அதிகாரிகள், அரைத்த பச்சை மாட்டிறைச்சியில் அக்கிருமி காணப்பட்டால் அதைக் கலப்பட உணவாகவே கருத வேண்டும் என்று அறிவித்தனர். அரைத்த இறைச்சியை அதன் நடுப்பகுதி 71 பாகை செல்சியசை எட்டும் வரை வேகவைக்க வேண்டும் என்னும் அறிவுரையும் இத்தகைய பட்டறிவால் வலுப்பெற்றது.

ஆகவே, அரைத்த இறைச்சியை வாங்குபவர் முன் இரண்டு வினாக்கள் நிற்கின்றன. இது தீங்கற்றதா? இது சொல்லப்பட்ட பொருள்தானா? இரண்டுக்கும் அவர் பிறருடைய சொல்லையே நம்பியாக வேண்டியிருக்கிறது.

மூன்று சொற்கள் கடல் கடந்த கதை

பிறர் சொல்லை நம்பி உண்ணும் நிலை, தொழிற்புரட்சியால் பெருகியது. உழவரிடம் நேரே வாங்கிய மக்கள் நகரங்களில் குடியேறிக் கடைக்காரரிடம் வாங்கத் தொடங்கினர். 1820இல் ஃபிரெடெரிக் ஆக்கும் என்னும் வேதியியலார் இலண்டன் உணவுகளில் நிகழ்ந்த கலப்படத்தை ஒரு நூலாகவே எழுதி வெளியிட்டார். 1850களின் தொடக்கத்தில் ஆர்தர் ஹில் ஹாசல் என்னும் மருத்துவர் கடைப்பொருள்களை நுண்ணோக்கியின் கீழ் வைத்து ஆராய்ந்தார். கண் தோற்ற இடத்தில் கருவி வென்றது. காப்பித்தூள் என்று விற்கப்பட்டதில் காப்பியல்லாத பிறவும் இருந்ததை அவர் காட்டினார். 1858இல் பிராட்ஃபோர்டு நகரில், மலிவான கலப்புப் பொடி என எண்ணி நச்சுப் பாசாணத்தைக் கலந்து செய்த மிட்டாயை உண்டு ஏறத்தாழ இருபது பேர் இறந்தனர். இரண்டாண்டுகளில் பிரித்தானியாவில் முதல் கலப்படத் தடைச் சட்டம் பிறந்தது. அது போதாமையால் 1875இல் உணவு, மருந்து விற்பனைச் சட்டம் இயற்றப்பட்டது.

அந்த 1875ஆம் ஆண்டுச் சட்டத்தில் மூன்று சொற்கள் உள்ளன. வாங்குபவர் கேட்ட பொருளின் இயல்பு, உட்பொருள், தரம் ஆகியவற்றோடு பொருந்தாத எதையும் அவருக்கு இழப்பு உண்டாகும்படி விற்றல் குற்றம் என்று அது கூறிற்று. இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். விற்ற பொருள் நஞ்சாக இருக்க வேண்டியதில்லை. கேட்டது ஒன்று, கிடைத்தது வேறொன்று என்றாலே குற்றம். உடலுக்குத் தீங்கு செய்யாத பொய்யும் பொய்யே என்பதைச் சட்டம் ஒப்புக்கொண்டது.

அமெரிக்காவில் இதே எண்ணம் இறைச்சியின் வழியாகவே வலுப்பெற்றது. அப்டன் சிங்கிளேர் எழுதிய ‘தி ஜங்கிள்’ என்னும் புதினம் சிகாகோ இறைச்சிக் கூடங்களின் நிலையை 1906இல் நாடறியச் செய்தது. அவ்வாண்டு சூன் 30ஆம் நாள் இறைச்சி ஆய்வுச் சட்டமும் தூய உணவு, மருந்துச் சட்டமும் ஒருசேர நிறைவேறின. தொழிலாளரின் துயரைச் சொல்ல எழுதப்பட்ட நூல், உண்பவரின் அச்சத்தைத் தூண்டிச் சட்டமாயிற்று.

பிரித்தானியச் சட்டத்தின் மூன்று சொற்கள் கடல் கடந்து மலாயாவுக்கும் வந்தன. மலாயாக் கூட்டரசில் 1952ஆம் ஆண்டு உணவு, மருந்து விற்பனைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதன் இடத்தை 1983ஆம் ஆண்டு உணவுச் சட்டம் பெற்றது. அச்சட்டத்தின் 14ஆம் பிரிவைப் படிப்பவர், ஒரு நூற்றாண்டுக்கு முந்திய அதே மூன்று சொற்களை அங்கே காணலாம். பொய்யான பெயர்ச்சீட்டை 16ஆம் பிரிவு தனியே குற்றமாக்கியது.

தோட்டத்துக் குழந்தைகள் கற்பித்த பாடம்

சட்டம் வருவதற்கு முன் மலாயாவில் உணவின் பெயரை நம்பியவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதற்குப் பால் டின் ஒரு சான்று. பால்மரத் தோட்டங்களில் தாய்மார் விடியுமுன்னே வெட்டுக்குப் போயினர். கைக்குழந்தைகள் ஆயாக்கொட்டகையில் விடப்பட்டன. இத்தகைய வாழ்க்கையில் தாய்ப்பாலின் இடத்தைச் சர்க்கரை சேர்த்த டின்பால் எளிதில் பிடித்துக்கொண்டது. மலாயாவிலும் சிங்கப்பூரிலும் பணியாற்றிய மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ், குழந்தைகளுக்கு ஏற்ற உணவென்று அப்பால் பரப்பப்படுவதைக் கண்டு சினந்தார். 1939இல் சிங்கப்பூர் ரோட்டரி மன்றத்தில் ‘பாலும் கொலையும்’ என்னும் பொருள்படும் தலைப்பில் உரையாற்றினார். தகாத பாலைத் தக்கதென்று கூறிப் பரப்புவதால் நேரும் குழந்தைச் சாவைக் கொலையாகவே கருத வேண்டும் என்பது அவ்வுரையின் கருத்து. டின்னுக்குள் இருந்தது நஞ்சன்று. அதற்கு இடப்பட்ட ‘குழந்தை உணவு’ என்னும் பெயரே உயிர் குடித்தது.

சட்டம் வந்த பின்னும் துயரம் நின்றுவிடவில்லை. 1988 அக்டோபரில் பேராக் மாநிலத்தில் ஒரே வகை நூடல்சை உண்ட குழந்தைகள் அடுத்தடுத்து ஈரல் பாதிப்புக்கு ஆளாயினர். 13 குழந்தைகள் இறந்தனர். பூஞ்சையால் உண்டாகும் அஃப்லடாக்சின் என்னும் நச்சுப்பொருளே சாவுக்குக் காரணம் என ஆய்வாளர் எழுதினர். உணவுச் சட்டம் இயற்றப்பட்டு ஐந்தாண்டுகள் ஆன பிறகு நிகழ்ந்தது இது. சட்டம் ஏட்டில் இருத்தல் வேறு, ஒவ்வொரு தொழிற்கூடத்திலும் அது உயிரோடு இருத்தல் வேறு என்பதை மலேசியர் மிகுந்த விலை கொடுத்துக் கற்றனர்.

விலங்கின் பெயரைச் சொல்லுக என்னும் விதி

1983ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வகுக்கப்பட்ட உணவு விதிமுறைகள் 1985 அக்டோபர் 1ஆம் நாள் நடப்புக்கு வந்தன. அவற்றுள் பெயர்ச்சீட்டைப் பற்றிய 11ஆம் விதி, பல சமயத்தார் வாழும் இந்நாட்டின் முகத்தைக் காட்டுகிறது. பொட்டலத்தில் உள்ள உணவில் மாட்டிறைச்சியோ பன்றி இறைச்சியோ, அவற்றிலிருந்து பெறப்பட்ட பொருளோ, பன்றிக்கொழுப்போ இருந்தால், ‘இன்னது கலந்துள்ளது’ என்று விலங்கின் பெயரைச் சொல்லியே அறிவிக்க வேண்டும் என்பது அவ்விதி. உணவில் கொழுப்போ எண்ணெயோ சேர்ந்திருந்தால், அது எந்த விலங்கிலிருந்து அல்லது எந்தத் தாவரத்திலிருந்து கிடைத்தது என்பதையும் குறிக்க வேண்டும்.

இவ்விதியில் பன்றியும் மாடும் ஒரே வரியில் நிற்கின்றன. ஒன்று முஸ்லிம்களின் மனச்சான்றைக் காக்கிறது. மற்றொன்று இந்துக்களுக்கும், மாட்டிறைச்சியைத் தவிர்க்கும் பௌத்தர்களுக்கும் துணைநிற்கிறது. இந்துக்கள் சிறுபான்மையினராக வாழும் நாடொன்றில், அவர்கள் தவிர்க்கும் உணவின் பெயரைச் சட்டமே சொல்ல வைக்கிறது என்பது சிறிய செய்தியன்று.

விலங்கின் பெயரை மறைத்தலால் என்ன விளையும் என்பதற்கு நம் முன்னோர் வரலாற்றில் சான்றுகள் உண்டு. 1806 சூலை 10ஆம் நாள் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தனர். பிற காரணங்களோடு, புதிய தலைப்பாகையில் பொருத்தப்பட்ட தோல் அணியும் அவர்களைப் புண்படுத்தியது. அது எந்த விலங்கின் தோல் என்னும் ஐயம் எரியும் நெருப்பில் எண்ணெய் ஊற்றியது. 1857இல் வடநாட்டில் துப்பாக்கித் தோட்டாவின் உறையில் தடவிய கொழுப்பு, பசுவினுடையதா பன்றியினுடையதா என்னும் வினா பேரெழுச்சிக்கு ஒரு தூண்டுகோலாயிற்று. அக்கொழுப்பு எந்த விலங்கினுடையது என்று ஐயத்திற்கு இடமின்றிச் சொல்ல ஆட்சியாளரால் இயலவில்லை. சொல்ல இயலாமையே வதந்திக்கு வலுவூட்டியது.

மலேசியா தன் உணவுச் சட்டத்தை இயற்றிய அதே 1983ஆம் ஆண்டில் இந்தியாவில் வனஸ்பதி பற்றிய பெரும் பூசல் வெடித்தது. இறக்குமதி செய்யப்பட்ட மாட்டுக்கொழுப்பைத் தாவர நெய்யான வனஸ்பதியில் கலந்துவிட்டனர் என்னும் செய்தி வீடுதோறும் அதிர்ச்சியை உண்டாக்கியது. தாவரப் பொருள் என்று நம்பி அடுப்பில் ஏற்றிய குடும்பங்களுக்கு, அது உடல்நலச் சிக்கலாகத் தோன்றவில்லை. நம்பிக்கை முறிவாகவே தோன்றியது. பின்னாளில் இந்தியா சைவ உணவுப் பொட்டலங்களில் பச்சைப் புள்ளிக் குறியை அச்சிட வைத்தது. எழுத்தறியாதவரும் அதைக் கண்டு தெளியலாம் என்பது அக்குறியின் சிறப்பு. ஆயினும் சைவமா அசைவமா என்பதை மட்டுமே அது சொல்லும். எந்த விலங்கு என்பதைச் சொல்லாது. மலேசிய விதி விலங்கின் பெயரைச் சொல்கிறது. ஆனால் அதைப் படிக்க எழுத்தறிவும் மொழியறிவும் வேண்டும். இரு வழிகளிலும் ஒவ்வொரு நன்மையும் ஒவ்வொரு குறையும் இருக்கின்றன.

பொதுச்சொல்லின் பின்னே விலங்கு ஒளிந்துகொண்ட நிகழ்ச்சியும் ஒன்று உண்டு. மெக்டொனால்ட்ஸ் நிறுவனம் அமெரிக்காவில் உருளைக்கிழங்கு வறுவலைத் தாவர எண்ணெயில் பொரிப்பதாக 1990இல் அறிவித்தது. அதனால் அது சைவ உணவே எனப் பலர் நம்பினர். ஆனால் அதன் சுவையூட்டியில் மாட்டிறைச்சிச் சாறு இருந்தது. ‘இயற்கைச் சுவை’ என்னும் இரு சொற்கள் அதை மூடியிருந்தன. 2001இல் சியாட்டிலில் வழக்குத் தொடரப்பட்டது. தொடுத்தவர்களுள் இந்துக்களும் இருந்தனர். 2002இல் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. சைவ, இந்து அமைப்புகள் உள்ளிட்டவற்றுக்கு 1 கோடி அமெரிக்க டாலர் வழங்கவும் இசைந்தது. ‘இயற்கைச் சுவை’ என்பதில் எழுத்துப்பிழை எதுவும் இல்லை. ஆனாலும் படித்தவர் அறிய வேண்டியதை அது அறிவிக்கவில்லை.

மாடு என்னும் சொல்லின் சிக்கல்

மொழி ஆசிரியர்கள் இங்கே சற்று நின்று எண்ண வேண்டும். மலாய் மொழியில் லெம்பு என்றால் பசுவினம். கெர்பாவ் என்றால் எருமை. இரண்டும் தனித்தனிச் சொற்கள். தமிழிலோ பசுமாடு, காளைமாடு, எருமைமாடு என எல்லாவற்றையும் மாடு என்னும் ஒரு சொல்லே அணைத்துக்கொள்கிறது. செல்வம் என்னும் பழம்பொருளும் அதற்குண்டு. எனவே ‘மாட்டிறைச்சி’ என்று தமிழில் எழுதினால், பசுவா எருமையா என்பது விளங்காமலே போகலாம். ஆங்கிலத்தின் பீஃப் என்னும் சொல்லும் வாணிக வழக்கில் சில நாடுகளில் எருமை இறைச்சியைச் சேர்த்தே குறிக்கிறது.

இது வெறும் அகராதிச் சிக்கலன்று. இந்தியா பசு இறைச்சியை ஏற்றுமதி செய்வதில்லை. எருமை இறைச்சியையே உறைய வைத்துப் பெருமளவில் அனுப்புகிறது. அதை வாங்கும் முதன்மை நாடுகளுள் மலேசியாவும் ஒன்று. விலை குறைவானதால் பதப்படுத்தும் தொழிலுக்கு அது ஏற்றதாயிற்று. எருமை இறைச்சி நல்ல உணவே. அதை உண்பதில் தவறில்லை. ‘கெர்பாவ்’ என எழுத வேண்டிய இடத்தில் ‘லெம்பு’ என எழுதுவதே தவறு. பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வொன்று, சந்தையில் விற்கப்பட்ட மாட்டிறைச்சி, கோழியிறைச்சிப் பொருள்களை மரபணுச் சோதனைக்கு உட்படுத்தியது. பெயருக்கும் உள்ளடக்கத்திற்கும் பொருத்தமில்லாதவை அவற்றுள் மிகுந்திருந்தன; மாட்டிறைச்சி எனப்பட்டவற்றில் எருமையின் மரபணு வெளிப்பட்டது. ஹாசலின் நுண்ணோக்கி செய்த பணியை நம் காலத்தில் மரபணுச் சோதனை செய்கிறது.

செல்வ நாடுகள் இதில் தேர்ந்துவிட்டன என்றும் எண்ண வேண்டா. 2013 சனவரி 15ஆம் நாள் அயர்லாந்தின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் தன் சோதனை முடிவை வெளியிட்டது. சோதித்த 27 மாட்டிறைச்சிப் பர்கர் வகைகளுள் 10இல் குதிரையின் மரபணுவும் 23இல் பன்றியின் மரபணுவும் காணப்பட்டன. ஒரு பர்கரில் குதிரை இறைச்சி 29 விழுக்காடு இருந்தது. அதன்பின் ஐரோப்பா முழுவதும் கடைகளிலிருந்து பொட்டலங்கள் திரும்பப் பெறப்பட்டன. பல நாடுகளின் எல்லைகளைக் கடந்து, பல வணிகர் கைமாறி வந்த இறைச்சியில், எந்த இடத்தில் பெயர் மாறிற்று என்பதைக் கண்டறிவதே பெரும்பாடாயிற்று.

நம் நாட்டிலும் 2020 டிசம்பரில் ஜொகூரின் செனாயில் ஒரு கிடங்கில் அதிகாரிகள் சோதனை நடத்தினர். வெளிநாடுகளிலிருந்து வந்த உறைந்த இறைச்சிக்குப் போலி ஹலால் முத்திரையும் மாற்றுச் சீட்டும் ஒட்டிச் சந்தைக்கு அனுப்பியதாக எழுந்த குற்றச்சாட்டு நாட்டையே உலுக்கியது. ஹலால் என்னும் சொல்லைத் தவறாகப் பயன்படுத்துவதைத் தடுக்க 1975 முதலே வாணிக விவரிப்புச் சட்டத்தின் கீழ் ஆணை இருந்து வந்த நாடு இது. 1970களின் இறுதியில் ரம்லி மொக்னி என்பவர் உள்நாட்டுப் பர்கர் தொழிலைத் தொடங்கியதற்கே, அந்நாளில் கிடைத்த பர்கர்களின் ஹலால் தன்மையில் இருந்த ஐயம் ஒரு காரணம் என்பர். இறைச்சியின் பெயரில் நம்பிக்கை என்பது இந்நாட்டில் அவ்வளவு ஆழமான வேரையுடையது.

ஒரு சீட்டுப் பொய்த்தால் முஸ்லிமும் ஏமாறுகிறார், இந்துவும் ஏமாறுகிறார். நோய்க்கு அஞ்சி ஆய்வு முத்திரையை நாடியவரும் ஏமாறுகிறார். எந்தக் கூடத்தில் அறுக்கப்பட்டது, யார் ஆய்ந்தார், எவ்வளவு காலம் உறைநிலையில் இருந்தது என்னும் செய்திகளெல்லாம் அந்தப் பெயரோடு சேர்ந்தே பொய்யாகிவிடுகின்றன. ஆகவே, உணவின் நேர்மையும் உணவின் பாதுகாப்பும் இரண்டு தனிச் செய்திகள் அல்ல. விலங்கின் பெயரில் பொய் சொன்னவர், காலாவதி நாளில் மெய் சொல்வார் என்று எவ்வாறு நம்புவது?

படிப்பவர் இருந்தால்தான் எழுத்துக்கு உயிர்

இனி, மொழி மன்றத்தின் மேடையில் இதைப் பேசுவதற்கான காரணத்திற்கு வருகிறேன். 1985ஆம் ஆண்டு விதிமுறைகளின் 10ஆம் விதி, சீட்டின் மொழியைப் பற்றியது. மலேசியாவில் செய்யப்பட்ட அல்லது பொட்டலமிடப்பட்ட உணவின் சீட்டு மலாயில் இருக்க வேண்டும். இறக்குமதி உணவின் சீட்டு மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்கலாம். இரண்டிலும் வேறு மொழிகளில் மொழிபெயர்ப்பைச் சேர்க்கத் தடையில்லை. அதாவது தமிழில் எழுதலாம். ஆனால் எழுதியே தீர வேண்டும் என்பதில்லை.

இதன் விளைவை எண்ணிப் பாருங்கள். விலங்கின் பெயரைச் சொல்ல வேண்டும் என்று சட்டம் வகுத்துவிட்டது. சொல்லும் மொழியோ, தோட்டத்தில் தமிழ் மட்டுமே பேசி வாழ்ந்து முதுமை எய்திய பாட்டிக்குப் படிக்கத் தெரியாத மொழி. அவருக்காக இயற்றப்பட்ட விதி அவர் கைக்கு வந்தும் வாய் திறப்பதில்லை. அவரிடம் அந்தச் சீட்டைப் படித்துச் சொல்ல வேண்டியவர் யார்? பள்ளியில் மலாயும் தமிழும் ஒருங்கே கற்கும் பேரப்பிள்ளையே.

இந்தப் பணியைச் சமூகத்தில் முன்பே தொடங்கியவர்கள் உண்டு. எஸ். எம். முகமது இத்ரிஸ் நெடுங்காலம் தலைமையேற்று நடத்திய பினாங்கு பயனீட்டாளர் சங்கம், ‘பயனீட்டாளர் குரல்’ என்னும் தமிழ் இதழின் வழியாக உணவுக் கலப்படத்தையும் ஏமாற்றுச் சீட்டுகளையும் பற்றித் தமிழர் வீடுகளில் பேச வைத்தது. 2019இல் அவர் மறைந்தார். பயனீட்டாளர் என்னும் சொல் மலேசியத் தமிழில் வேரூன்றியதில் அவ்வியக்கத்திற்குப் பங்குண்டு. வாங்குபவர் வெறும் வாடிக்கையாளர் அல்லர், உரிமையுடையவர் என்னும் கருத்து அச்சொல்லுக்குள் இருக்கிறது.

ஆசிரியர்கள் இதை வகுப்பறைக்குக் கொண்டுசெல்ல நூல் எதுவும் வாங்க வேண்டியதில்லை. வீட்டிலுள்ள வெற்றுப் பொட்டலம் ஒன்றை மாணவர்கள் கொண்டுவரட்டும். மெங்கண்டுங்கி என்றால் ‘கலந்துள்ளது’. டாகிங் லெம்பு என்றால் பசுவின இறைச்சி. டாகிங் கெர்பாவ் என்றால் எருமை இறைச்சி. லெமாக் பினாத்தாங் என்றால் விலங்குக் கொழுப்பு. பெரிசா என்றால் சுவையூட்டி. தாரிக் லுப்புட் என்றால் காலாவதி நாள். இச்சொற்களைத் தமிழில் பெயர்த்தெழுதச் சொன்னால், மாட்டிறைச்சி என்று எழுதுவதா, பசு இறைச்சி என்று எழுதுவதா என்னும் வினாவை மாணவர்களே எழுப்புவர். அது மொழிபெயர்ப்புப் பாடமும் ஆகும். வரலாற்றுப் பாடமும் ஆகும். நாளை கடையில் நிற்கும்போது உதவும் வாழ்க்கைப் பாடமும் ஆகும்.

சீட்டில்லாத உணவும் உண்டு என்பதை மறத்தலாகாது. சாலையோர அங்காடியில் சூடான தட்டில் வேகும் பர்கருக்குப் பெயர்ச்சீட்டு இல்லை. அங்கே விற்பவருடைய வாய்ச்சொல்லே சீட்டு. ‘அண்ணே, இது என்ன இறைச்சி? எந்தப் பொட்டலத்திலிருந்து எடுத்தது?’ என்று கேட்பது மரியாதைக் குறைவன்று. நேர்மையான வணிகருக்கு அவ்வினா பெருமையையே தரும்.

ஹாசல் காலத்திலிருந்து செனாய்ச் சோதனை வரை, பொய்யான பெயர் தானாக வெளிப்பட்டதில்லை. யாரோ ஒருவர் ஐயுற்றார், கேட்டார், ஆய்ந்தார். அதன் பின்னரே சட்டம் வந்தது, அல்லது தூங்கிய சட்டம் விழித்தது. விலங்கின் பெயரைச் சொல்லுமாறு விதிக்கும் நாட்டில் நாம் வாழ்கிறோம். அந்தப் பெயரைப் படிக்கவும், பொருந்தாதபோது கேட்கவும் நம் பிள்ளைகளைப் பழக்குவது நம் பொறுப்பு.

தென்னமரத்தில் செம்பனை நிற்பதைக் கண்டு நாம் புன்னகைத்துக் கடந்துபோகலாம். உறைபெட்டியின் முன் நிற்கும்போது அப்படிக் கடந்துபோக இயலாது. அங்கே கையில் இருப்பது அந்தச் சீட்டிலுள்ள சொல் ஒன்றே. அதை நின்று படிப்போம். படிக்க இயலாதவர் அருகில் இருந்தால், அவருக்கும் படித்துச் சொல்வோம்.